கள்ளும் கல்லீரலும் கழுத்துச் சுரப்பியும்

திருக்குறட் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே சூது ஒன்றே நிற்கிறது. கள்ளை அறத்தின் பக்கம் வைத்து நோக்குவார்க்கு அது குற்றம். மருத்துவத்தின் பக்கம் வைத்து நோக்குவார்க்கு அது நோய்முதல். மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றில் முதல் நோக்கே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. குடித்தவன் விடியற்காலைப் பெரட்டுக்கு வரவில்லையெனில் அவன் சோம்பேறி. வந்தும் கை ஓடவில்லையெனில் அவன் வேலைக்கள்ளன். தண்டலும் கிராணியும் துரையும் எழுதிய தீர்ப்பு அதுவே. வீட்டிலுள்ளோரும் அதனையே திருப்பிச் சொன்னார்கள். அத்தீர்ப்பில் உடலுக்கு இடமில்லை.

உடலின் பக்கத்துச் சான்று ஆய்வுக்கூடங்களில் சிறிது சிறிதாகத் திரண்டது. கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி, வயிற்றின் வலப்புறத்துள்ள கல்லீரல், குடிக்கும் சாராயம், குருதியில் ஓடும் கொழுப்பு அமிலம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. தேயிலை மலையில் வாழ்ந்தாரின் கதையோடு சேர்த்துப் படிக்கத்தக்கது அந்த வரலாறு.

குளிருக்கு ஒரு வாய்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்து சென்ற வில்லியம் கேமரன் என்னும் நிலஅளவையாளரின் பெயரால் வழங்குவது. அவர் குறித்துச் சென்ற மேட்டுநிலம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் காடாகவே கிடந்தது. 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவில் கன்று நட்டவர்களும், கொழுந்து கிள்ளியவர்களும், ஆலையில் இலை உலர்த்தியவர்களும் பெரும்பாலும் தமிழர். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதனால் அதற்குள் வந்து சேர்ந்தவர்களும் அவர்கள் வழியினருமே மலைத் தோட்டங்களைத் தாங்கினர்.

கடல்மட்டத்திற்கு மேல் 1,500 மீட்டர் அளவில் அமைந்த அம்மலையில் இரவு வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்கும். காலைப் பனியில் இடுப்பளவு நனைந்து கொழுந்தெடுக்க வேண்டும். சமவெளிச் சூட்டில் பிறந்து வளர்ந்தவர்க்கு இது கடுந்தண்டனை. ஆகவே குடிப்பதற்கு மலையில் ஒரு தனிக் காரணம் கிடைத்தது: குளிருக்கு ஒரு வாய். ஆனால் சாராயம் உடலைச் சூடாக்குவதில்லை. அது தோலடிக் குருதிக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. மேனியில் தோன்றும் வெதுவெதுப்பு, உடல் இழந்துகொண்டிருக்கும் வெப்பமே. உடலின் சூட்டை உண்மையில் நடத்துவது கழுத்துச் சுரப்பியின் நீர். நாட்பட்ட குடி அந்நீரின் வேலையையும் குலைக்கும் என்பதே இதிலுள்ள பெரிய முரண்.

கடையை மூடச் சொன்னவர்கள்

மலாயாவில் கள்ளுக்கடை தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் ஒப்புதலோடு தோட்டத்திற்குள்ளேயே கடை நடந்தது. காலையில் வழங்கிய கூலி மாலையில் கடைக்கு வந்தது. கள் என்பது தென்னம்பாளையின் இனிய சாறு, காற்றிலுள்ள நொதியங்களால் சில மணி நேரத்திற்குள் புளித்து, நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச்சத்துப் பெற்றது. தென்னை செழிக்காத மலையுச்சிக்கு அது பொருந்திய சரக்கன்று. புட்டியில் அடைத்துச் சுமந்து செல்லத்தக்க சம்சு முதலிய வடிசாராயங்களோ கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானவை.

இக்கேட்டைத் தொழிலாளரே எதிர்த்து எழுந்தனர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப்பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர்படை இளைஞர் கடைமுன் மறியல் செய்தனர். பீடோங் பகுதியில் காவலர்க்கும் அவர்கட்கும் மோதல் மூண்டு உயிர் இழக்கவும் நேர்ந்தது. தமிழகத்திலும் அதே காலத்தில் மதுவிலக்கு வேரூன்றிக் கொண்டிருந்தது. சேலம் மாவட்டத்தில் 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

கூலி வீடு சேரவேண்டும், அடுப்பில் சோறு வேகவேண்டும், மனைவி மக்கள் அடிபடக் கூடாது என்பவையே அவ்விளைஞர் சொன்ன காரணங்கள். உடலுக்குள் நிகழ்வதைச் சொல்லும் அறிவியல் அன்று பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

கேடயச் சுரப்பி

குரல்வளைக்கு முன்னே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பிக்கு 1656ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமசு வார்ட்டன் கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகத் தைராய்டு என்று பெயரிட்டார். கேடயச் சுரப்பி என்னும் தமிழ்ப் பெயரும் அப்பொருள் பற்றியதே. அதன் பயன் இன்னதென்பது மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது.

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மரே, முகம் ஊதி, பேச்சு இழுத்து, எந்நேரமும் குளிரால் நடுங்கி, எவ்வேலையிலும் மனம் செல்லாது கிடந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். சில மாதங்களில் அவள் எழுந்து நடமாடினாள். பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். சோம்பல் என்று உலகம் அழைத்த ஒரு நிலை, ஒரு சுரப்பிநீரின் குறைவாக இருத்தல் கூடும் என்பதற்கு அப்பெண் ஒரு சான்று.

அந்நீரைத் தூய படிகமாக அமெரிக்காவின் எட்வர்டு கெண்டல் 1914ஆம் ஆண்டு கிறித்துமசு நாளன்று பிரித்தெடுத்தார். தைராக்சின் எனப்பெறும் அதன் அமைப்பை 1926ஆம் ஆண்டில் சார்லசு ஆரிங்டன் இலண்டனில் வகுத்துக் காட்டினார். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் கடலின் செல்வம். மலைமண்ணில் பெய்யும் மழை அதனைக் கழுவிச் சென்றுவிடும். ஆகவே கடலை விட்டு விலகிய மலைநாடுகளில் முன்கழுத்துக் கழலை பெருகுதல் இயல்பு. மலாயாவின் பழங்குடி மக்களிடையே காணப்பட்ட கழலையைப் பற்றி ஐவன் பொலூனின் 1951ஆம் ஆண்டில் எழுதினார். இமயமலைச் சாரலில், தேயிலை விளையும் மற்றொரு நிலமாகிய காங்கிராப் பள்ளத்தாக்கில், இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடத்தினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாக்கி, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் வெறும் உப்பும் வழங்கினர். அயோடின் உண்ட பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை நன்கு குறைந்தது. வெறும் உப்பு வழங்கிய பகுதியில் அவ்வாறு குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பே வழங்கப்பட்டது.

சுரப்பிக்கு அயோடின் கிடைத்துவிட்டால் எல்லாம் செவ்வையாகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சுரப்பியை விட்டு வெளியேறும் நீர் இன்னும் முழு வேலைக்கு ஆயத்தமானதன்று.

கல்லீரல் என்னும் பட்டறை

1952ஆம் ஆண்டில் இலண்டனில் ஜாக் கிராசு, ரோசலிண்டு பிட்-ரிவர்சு ஆகிய இருவரும் மூன்று அயோடின் அணுக்களே கொண்ட மற்றோர் இயக்குநீரைக் கண்டனர். நான்கணு உடையதை டி-4 என்றும் மூன்றணு உடையதை டி-3 என்றும் வழங்குவர். டி-3 அளவிற் சிறிது, ஆற்றலிற் பெரிது. உயிரணுக்களின் உட்கருவில் சென்று பொருந்தி, உடலின் வேகத்தையும் சூட்டையும் ஆள்வது முதன்மையாக அதுவே.

இந்த டி-3 எங்கே பிறக்கிறது? தைராய்டு சுரப்பியே இல்லாத நோயாளிகளுக்கு டி-4 மட்டும் கொடுத்துவந்தபோதும் அவர்கள் குருதியில் டி-3 காணப்பட்டது என்று பிரேவர்மன், இங்பார், இசுடெர்லிங் ஆகிய மூவரும் 1970ஆம் ஆண்டில் நிறுவினர். உடலின் டி-3இல் ஏறத்தாழ 80 விழுக்காடு சுரப்பிக்கு வெளியே உருவாகிறது. அவ்வேலை நிகழும் முதன்மையான இடங்களுள் ஒன்று கல்லீரல். டி-4இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றும் நொதி அங்கே மிகுதி. அந்நொதிக்குச் செலினியம் என்னும் தனிமம் வேண்டும் என்பது 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரிந்தது. மீன், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றிலிருந்து உடல் அதனைப் பெறுகிறது.

கொல்லன் பட்டறைக்கு வரும் இரும்பு ஒன்றே. அடிக்கும் முறையால் அரிவாளும் ஆகும், உதவாத தகடும் ஆகும். டி-4இன் ஒரு பக்கத்து அணுவைக் கழற்றினால் டி-3. மறுபக்கத்து அணுவைக் கழற்றினால் வேலைக்குதவாத மாற்று டி-3. நலமுள்ள கல்லீரல் முதலதை ஆக்குகிறது. இரண்டாவதைச் சிதைத்து வெளியேற்றுகிறது. மேலும் இவ்வியக்குநீர்களைக் குருதியில் சுமந்து செல்லும் புரதங்களையும் கல்லீரலே செய்கிறது. எனவே கல்லீரல் நோயுற்றால், கழுத்துச் சுரப்பி நலமாயிருப்பினும், அதன் சரக்கு சந்தைக்குச் செல்லும் வழி குலையும்.

சாராயம் புகுந்தபின்

குடித்த சாராயத்தின் பெரும்பகுதியை எரிக்கும் பொறுப்பும் கல்லீரலுடையதே. சாராயம் வந்தால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து அதனை முதலில் எரிக்கும். அவ்வாறு எரிக்கும்போது உயிரணுவின் வேதிச் சமநிலை மாறி, கொழுப்பு அமிலங்களை எரிக்கும் வேலை தடைப்படுகிறது. எரியாத கொழுப்பு அங்கேயே தங்குகிறது. குடிகாரர் கல்லீரல் கெடுவது உணவுக் குறைவால் மட்டுமே என்ற பழைய கருத்தை நியூயார்க்கில் சார்லசு லீபர் 1960களிலும் 1970களிலும் செய்த ஆய்வுகள் மாற்றின. நல்லுணவு உண்டோரிடத்தும் சாராயம் தானே கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்தது.

கல்லீரல் இறுகிப்போன நோயாளிகளின் குருதியில் டி-3 குறைந்திருப்பதை இந்தியாவில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆய்ந்த இந்தர் சோப்ராவும் அவர் குழுவினரும் 1974ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இத்தகைய நோய்களில் டி-3 குறைய, மாற்று டி-3 உயர்கிறது. கழற்றும் நொதி தளர்ந்தமையால் ஒன்று பிறப்பதில்லை, மற்றது அழிவதில்லை. கோப்பன்ஹேகன் நகரத்து ஆய்வாளர் 1980களில் நாட்பட்ட குடியரின் கழுத்துச் சுரப்பியையே அளந்து, அது சுருங்கியிருப்பதைக் கண்டனர். பட்டறை மட்டுமன்று, சுரங்கமும் கேடுற்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். டி-3 குறைந்தவர் எல்லாரும் மரே கண்ட பெண்ணைப் போன்ற தைராய்டு நோயாளர் அல்லர். சோப்ரா முதலியோரும் அதனைத் தெளிவாகவே கூறினர். பஞ்ச காலத்தில் வீட்டுக்காரி அடுப்பைத் தணித்து எரிப்பதுபோல, நோயுற்ற உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வது இதில் ஒரு பகுதி. ஆயினும் இறுகிய கல்லீரல், கரைந்த தசை, தணிந்த டி-3 ஆகியவற்றோடு மலையேறுபவன், நலமுள்ளவன் ஏறுவதைப் போல ஏற இயலாது.

கொழுப்பு அமிலத்தின் பங்கு

உண்ணாதபோது உடல் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாகக் குருதியில் விடுகிறது. கடுநோயிலும் அவ்வாறே நிகழும். இவ்வமிலங்கள் மிகுந்தபோது, சுமக்கும் புரதங்களில் இயக்குநீர் பொருந்துவது தடைப்படக் கூடும் என்றும், நோயாளரின் குருதிநீரில் காணப்படும் தடைப்பொருள்களுள் ஒலியிக் அமிலம் போன்றவை அடங்கலாம் என்றும் 1980களில் சோப்ராவின் குழுவினர் ஆய்ந்து கூறினர். ஒலியிக் அமிலம் என்பது நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள எளிய கொழுப்பு அமிலமே. அதனை உண்பதால் கேடில்லை. குருதியில் புரதத்தின் பிடிக்கு அடங்காமல் பெருகும்போதே இத்தடை எழுகிறது. உட்கருவில் டி-3 சென்று பொருந்தும் இடத்தையும் கொழுப்பு அமிலங்கள் சோதனைக் குழாயில் தடுத்தன என்று வியர்சிங்கா முதலியோர் 1988ஆம் ஆண்டில் காட்டினர். கல்லீரல் உயிரணு டி-4ஐ உள்ளே வாங்குவதும் இவற்றால் குறைவதை ரோட்டர்டாம் நகரத்து ஆய்வாளர் கண்டனர்.

பட்டினியின் விளைவும் இதனோடு சேர்கிறது. உணவை முற்றும் விலக்கியவர்களிடம் டி-3 குறைந்து மாற்று டி-3 உயர்வதை 1975ஆம் ஆண்டில் வாகெனாகிசு முதலியோர் கண்டறிந்தனர். அங்கே சாராயமும் இல்லை, கல்லீரல் நோயும் இல்லை. பசி ஒன்றே போதியதாயிற்று.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் தோட்டத்து மாலைப்பொழுது வேறுவகையாகத் தோன்றும். சோற்றுக்குச் செல்லவேண்டிய காசு சாராயத்திற்குச் சென்றது. வெறுவயிற்றில் அது இறங்கியது. பசியால் டி-3 தணிந்தது. சாராயத்தால் கொழுப்பு எரியாமல் தேங்கியது. நாட்பட, பட்டறையே பழுதாயிற்று. மறுநாட் காலை பெரட்டுக்களத்தில் நின்றவனை இவற்றுள் எதுவும் அறியாத தண்டல் ஏசினான். மலேசிய அறிஞர் சையது உசேன் அலாத்தாசு, மலாய்க்காரர், சாவகத்தார், பிலிப்பினோக்கள் மீது ஐரோப்பியர் சுமத்திய சோம்பேறிப் பழி ஒரு கட்டுக்கதை என்று 1977ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். தோட்டத் தமிழன்மீது விழுந்த பழிக்கும் அத்தகைய மறுபரிசீலனை உரியது.

மருந்து தேடிய கதை

நோய்முதல் தெரிந்தால் மருந்து தேடுவது மனித இயல்பு. கனடாவின் டொராண்டோவில் யெடி இசுரேலும் அவருடன் உழைத்தோரும் புதுமையான ஒரு கருத்தை முன்வைத்தனர். நாள்தோறும் சாராயம் எரிக்கும் கல்லீரல், தைராய்டு மிகைத்தவரின் உறுப்பைப் போல் மிகுதியாக உயிர்வளியை விழுங்குகிறது. அதனால் குருதி கடைசியாகச் சென்று சேரும் பகுதிகள் மூச்சுத்திணறி மடிகின்றன என்பது அக்கருத்து. அவ்வாறாயின் தைராய்டை அடக்கும் புரோபைல்தையோயூராசில் என்னும் மருந்து கல்லீரலைக் காக்கவேண்டும். 1987ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வில் 310 நோயாளிகள் பங்குகொண்டனர். மருந்துண்டவருள் 13 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை உண்டவருள் 25 விழுக்காட்டினரும் இறந்தனர். உலகம் நம்பிக்கை கொண்டது.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. பல ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்தோர், 2002ஆம் ஆண்டில், அம்மருந்தால் உயிர் காக்கப்படுவதாகச் சான்றில்லை என்று முடிவு கூறினர். குருதியில் டி-3 குறைவென்று கண்டு மருந்தால் அதனைக் கூட்டுவதோ, கல்லீரல் விரைகிறதென்று கண்டு மருந்தால் அதனை அடக்குவதோ குடிநோய்க்கு மருத்துவமாக நிலைபெறவில்லை.

வேறொரு பக்கத்தில் கதவு சிறிது திறந்திருக்கிறது. தைராய்டு இயக்குநீர் கல்லீரலில் தேங்கிய கொழுப்பைச் சிதைத்து எரிக்கத் தூண்டும் வழியைச் சிங்கப்பூரில் பால் யென் குழுவினர் 2012ஆம் ஆண்டில் விளக்கினர். அந்நகரத்திலேயே நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் உடைய ஆடவர்க்குச் சிறிதளவு தைராக்சின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்து, கல்லீரற் கொழுப்பு குறைந்ததைக் காட்டியது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ரெசுமெட்டிரோம் என்னும் மருந்து, கல்லீரலில் தைராய்டு இயக்குநீர் பொருந்தும் இடத்தையே நாடிச் சென்று வேலை செய்வது. ஆனால் அது குடியால் வந்த கல்லீரல் நோய்க்கென ஒப்பப்பட்ட மருந்தன்று. இவற்றைக் கேள்வியுற்றுத் தானே தைராய்டு மாத்திரை விழுங்குவது, இதயத்துடிப்பைக் கெடுக்கும் கேடான செயல்.

இரண்டு அதிகாரங்கள்

ஆய்வுக்கூடங்கள் நூறாண்டு நடந்து வந்து, குடியால் கெட்ட கல்லீரலுக்குச் சொல்லும் முதல் மருத்துவம் இரண்டே: குடியை விடுக; வயிறார நல்லுணவு உண்க. கல்லீரல் முற்றும் இறுகுமுன் விட்டவர்க்குத் தேங்கிய கொழுப்புச் சில வாரங்களிலேயே கரையத் தொடங்குகிறது. டி-3உம் பெரும்பாலும் தன் பழைய அளவுக்கு மீள்கிறது. நெடுநாள் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது வலிப்பையும் பிதற்றலையும் உண்டாக்கக் கூடுமாதலின் மருத்துவர் துணையோடு நிறுத்துதல் வேண்டும்.

கிள்ளானிலும் பீடோங்கிலும் கடையை மூடு என்றவர்கள் கேட்டவையும் இவ்விரண்டே. கள் ஒழியவேண்டும் என்றனர். அக்காசு சோறாக வீடு சேரவேண்டும் என்றனர். டி-3 என்னும் பெயரை அவர்கள் கேட்டதில்லை. அது கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்தாண்டுக்கு முன்னரே அவர்கள் போராட்டம் நடந்து முடிந்தது. சோம்பேறி என்று குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளே அவ்வாறு கடைமுன் நின்றனர் என்பதும் கருதத்தக்கது.

திருவள்ளுவர் மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் மூலிகையின் பெயர் ஒன்றும் இல்லை. முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதே அங்குப் பெரிதும் பேசப்படுகிறது. கள்ளுண்ணாமையையும் அதனையும் வகுப்பில் வெவ்வேறு நாளில் நடத்துவது வழக்கம். தேயிலை மலைப் பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து நடத்தி, இடையே கல்லீரலின் படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், தந்தையின் தளர்ச்சிக்கு வேறொரு பெயரும் உண்டு என்பதை அவர்கள் அறிந்துகொள்வார்கள்.